முட்டை ஓட்டுக் கோழிக்குஞ்சு

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ரோஹிணி அந்த வகுப்பறைக்குள் கால் வைத்தாள். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள்.

"எலி எல்லாம் இல்ல மேடம். கைவேலைக்கு வெச்சிருக்கற ஓடுதான்," என்றாள் டீச்சர் சுந்தரம்மா, அவசரமாக ஜன்னலைத் திறந்தபடி. பக்கத்து விசைத்தறியின் சத்தம் தடதடவென்று உள்ளே வந்தது. நாற்றம் வெளியே போகவில்லை.

நகரியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திருப்பதியில் உள்ள ஒரு அறக்கட்டளை நடத்தும் மழலையர் பள்ளி அது. இதுபோல் மொத்தம் பன்னிரண்டு. பிள்ளைகளின் கைவேலையைப் பார்த்து அவற்றில் ஒன்றுக்கு இந்த வருடத்துப் பரிசைக் கொடுக்கச் சொல்லி ரோஹிணியை அனுப்பியிருந்தார்கள்.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அது நிறைய முட்டை ஓடுகள், சின்னச் சின்னக் கிண்ணங்களைப் போலப் பாதி பாதியாக. உள்ளே மஞ்சள் காய்ந்து அப்பிக் கிடந்தது. வாளியின் அடியில் கொழகொழவென்று ஏதோ தேங்கியிருக்க, ஈக்கள் மேலேயும் கீழேயும் மொய்த்தன.

அந்த ஓடுகளைத்தான் பிள்ளைகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே மஞ்சள் பெயிண்ட், கண்ணுக்கு இரண்டு மிளகு, அலகுக்கு ஒரு துண்டு சிவப்புக் காகிதம். ஒரு பையன் ஓட்டுக்குள் விரலை விட்டு வழித்து, அதே விரலால் மூக்கைத் துடைத்தான். இன்னொருத்தி கையில் ஒட்டிய மைதாப் பசையை நக்கினாள்.

ரோஹிணி துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சீ! இத்தப் போய்ப் பசங்க கையில குடுத்துகினு இருக்கீங்களே டீச்சர்! கழுவ மாட்டீங்களா? நாளைக்கு ஒரு புள்ளைக்கு வாந்தி பேதின்னா யாரு பதில் சொல்றது?"

சுந்தரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் மேடம். ரெண்டு நாளா கொழாயில தண்ணி வரல. இல்லாட்டி கழுவித்தான் குடுப்போம்."

"இந்தக் கருமம்தான் கெடைச்சுதா? கைவேலைக்கு வேற பொருளே இல்லியா?"

"எங்க பசங்க துன்ன முட்டை மேடம் இது," என்றாள் சுந்தரம்மா மெதுவாக. "ட்ரஸ்ட்ல இருந்து தினமும் தலைக்கு ஒண்ணு அனுப்பறீங்களே. வேகவெச்சிக் குடுக்கறோம், துன்னுட்டு ஓட்டைப் போட்டுட்றாங்க. குப்பையில கொட்ட மனசு வரல. மத்த சென்டருங்க மாதிரி கடையில வாங்கி வந்து அடுக்க நமக்குத் தெரியாது. துன்னதுல இருந்தே ஒண்ணு செஞ்சா பசங்களுக்கும் சந்தோசம்."

ரோஹிணி அந்த வாளியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

முந்தின நாள் சித்தூரில் பார்த்த பள்ளி ஞாபகத்துக்கு வந்தது. வரிசையாகக் காகித ரோஜாக்கள், ஒன்றில்கூட ஒரு குழந்தையின் விரல் பட்டிருக்கவில்லை. ஒரு பூவின் காம்பில் ஃபேன்சி ஸ்டோர் ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்ததும் அருவருப்புதான். ஆனால் அங்கே ஊதுவத்தி மணத்தது.

புத்தூரில் அவள் வளர்ந்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமை வேகும் ஒரே முட்டையை அம்மா தறி நூலால் மூன்றாக அறுத்துக் கொடுப்பாள். மஞ்சள் கரு யாருக்கு அதிகம் என்று சண்டை நடக்கும். இங்கே இருபத்தெட்டுப் பிள்ளைகள் தினம் ஆளுக்கொரு முழு முட்டை தின்கிறார்கள். அந்த ஓட்டைப் பார்த்தா முகத்தைச் சுளித்தோம் என்று இருந்தது அவளுக்கு. மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்தாள்.

"மன்னிச்சிக்கங்க டீச்சர். வந்ததும் வராததுமா கத்திட்டேன்."

"அய்யோ, அதுக்கு இன்னா மேடம்!"

ரோஹிணி அங்கேயே நின்று திருப்பதி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "சார், நகரி சென்டர் சாலா பாகுந்தி," என்று தெலுங்கில் புகழ்ந்துவிட்டு, பரிசு இவர்களுக்குத்தான் என்றும் சொல்லி முடித்தாள். சுந்தரம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இருங்க மேடம், மோர் கொண்டாறேன்," என்று சமையலறைப் பக்கம் ஓடினாள்.

ரோஹிணி தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் கீர்த்தி என்கிற நாலு வயதுச் சிறுமி தன் கோழிக்குஞ்சுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு குச்சி போல இருந்தது.

நாற்றம் குறையவே இல்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாளிக்குள் கையை விட்டு ஓர் ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள் ரோஹிணி. பிசுபிசுவென்று ஒட்டியது.

"கண்ணு, நேத்து நீ துன்ன முட்டையோட ஓடு எதுன்னு காட்டேன். அதுல எனக்கு ஒரு குஞ்சு செஞ்சி குடுப்பியா?"

கீர்த்தி பசைக் கையால் கன்னத்தைச் சொறிந்துகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முட்டை துன்றது வூட்லதான் மேடம். இங்க முட்டை தர மாட்டாங்க, டீச்சர் கடையில இருந்து கொண்டார்ற ஓட்டை ஒட்றது மட்டுந்தான்!"