நம்ம சனம்

"எந்த ஊரும்மா?"

தமிழ்.

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதம் கப்பல், பத்து நாள் கொட்டடி. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் இந்த மஸ்கரைத் தீவின் ஏலக்களத்தில், அடிமை வாங்க வந்த ஒருவர் தமிழில் கேட்கிறார். நெற்றி நிறையத் திருநீறு. காதில் கடுக்கன்.

"திருமலைராயன்பட்டணம் பக்கம், அண்ணா."

அண்ணா என்று தானாக வந்துவிட்டது.

ஊரில் இப்படியொரு மனிதர் முன்னால் அவள் சாதிக்காரர்கள் பத்தடி தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். அண்ணா என்று சொல்லியிருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பார்கள். இவரோ கைக்கெட்டும் தூரத்தில் நின்று சிரித்தார்.

கடலைத் தாண்டினால் அதெல்லாம் கழுவிப் போய்விடும்போல என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

அவளையும் தங்கை சடைச்சியையும் இடுப்போடு சேர்த்து ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். ஜோடியாக விற்பதற்கு. வேறு எது போனாலும் தங்கை கூடவே வருவாள். அவளுக்கு மிச்சமிருந்த தெம்பு அந்தக் கயிறுதான்.

"பயப்படாம சொல்லு. நம்ம சனம் பொய் சொல்லாது. இந்தக் காப்பிரிங்க மாதிரியா?" என்று பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்கர்களை மோவாயால் காட்டினார். "ரெண்டு பேருக்கும் உடம்புல கோளாறு ஏதாச்சும் உண்டா?"

நம்ம சனம்.

பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுகிறோம் என்று கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றினார்களே, அன்றிலிருந்து அவளிடம் இப்படி யாரும் பேசியதில்லை. மனசு அப்படியே இளகிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணா. தங்கச்சிக்குத்தான் மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. கப்பல்ல ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல, உங்ககிட்டதான் சொல்றேன். அந்தியில மட்டும் அவளுக்கு வேல வைக்காதீங்க. அவ பங்கையும் நானே செய்யறேன்."

"அடடா," என்றார் அவர்.

உண்மையில் அது இன்னும் ஒருத்திக்குத் தெரியும். கொட்டடியில் கூட அடைபட்டிருந்த ஆப்பிரிக்கப் பெண், வெந்த கால்காரி. முதல் நாள் அந்தியிலேயே கண்டுகொண்டாள். அன்றிலிருந்து தினமும் இருட்டியதும் சடைச்சியின் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைவரை கூட்டிப்போவாள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. அவள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் ஏலம் விடுகிற பிரெஞ்சுத் துரையிடம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினார். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

சடைச்சியைக் காட்டினார்.

தன் கண்ணைத் தொட்டார்.

அது புரிந்தது.

"அண்ணா," என்றாள். அவன் திரும்பவில்லை.

துரை சடைச்சியின் இமையைப் பிதுக்கிப் பார்த்து உதட்டைச் சுழித்தான். ஒரு சேவகன் கத்தியோடு வந்தான். கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது.

சடைச்சியைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் விட்டார்கள். விலை போகாதவர்களின் கூட்டம் அது. இருமுகிறவர்கள், கிழடுகள், நொண்டிகள். அந்த வெந்த கால்காரியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

எந்த வாய் மூன்று மாதம் மூடிக் கிடந்ததோ, அந்த வாயாலேயே தங்கையைத் தொலைத்துவிட்டாள்.

"அக்கா, அவரு நம்ம ஊர்க்காரரா?" சடைச்சி அங்கிருந்தே கேட்டாள். குரலில் இன்னமும் சந்தோஷம் இருந்தது.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சடைச்சி கையை நீட்டிக் காற்றில் துழாவத் தொடங்கினாள். வெந்த கால்காரி எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே அந்தத் திருநீற்றுக்காரன் அறுந்த கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"வேற ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடும்மா."

அதே கனிவு. அதே தமிழ்.

அவள் கயிறு விட்ட மட்டும் பின்னால் நகர்ந்து நின்றாள். கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.