வலைமேல் பனி

ஈரப்பனி விடியலிலிருந்து கொட்டுகிறது. மாநில அரசின் வேட்டைப்பறவைப் பண்ணையில், கூண்டின் மேல் விரித்த வலை சினைப்பசுவின் வயிறுபோலத் தொங்குகிறது. நடுக்கம்பு முறிந்துவிட்டதால் லோர்னா துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து வலைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறாள். உருகிய நீர் சட்டைக்கைக்குள் இறங்கி அக்குள்வரை ஓடுகிறது. கையைத் தாழ்த்தினால் வலை கிழியும். முட்டையிட வேண்டிய ஃபெசன்ட் என்னும் வேட்டைக்கோழிப் பெட்டைகள் எல்லாம் சோளக்காட்டுக்குப் பறந்துவிடும். வசந்தத்தில் குஞ்சுகள் இருக்காது, வேட்டைக்காலத்தில் காட்டில் விடப் பறவைகள் இருக்காது. செலவைக் குறைக்கப் பண்ணையை மூடத் துடிப்பவர்களுக்கு வேறு சாக்கே வேண்டாம். வேலையோடு, பண்ணைக்குள் அவள் குடியிருக்கும் வீடும் போகும். ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகின்மேல் சிவப்பு மறைப்பு மாட்டிய பெட்டைகள், நேரெதிரே பார்க்க முடியாமல் அவள் பூட்ஸில் முட்டி முட்டி விலகுகின்றன.

“விட்டுத்தொலையேன் லோர்னா! மூடுற வேலையைப் பனியே பாத்துக்கட்டும்,” என்கிறான் கூட வேலை செய்யும் வெர்லின். கொட்டகை வாசலில் ரேடியோவைக் காதோடு வைத்திருக்கிறான்.

“உனக்கென்ன, மாமனாரோட மரக்கடை இருக்கு. பண்ணையை மூடுறதைப் பத்தி சட்டசபையில ஓட்டெடுப்பு என்னாச்சு?”

“ஜூனுக்குத் தள்ளிட்டாங்களாம்.”

வலை இன்னும் ஒரு விரற்கடை இறங்குகிறது. மூடுவதென்றே முடிவாகியிருந்தால் இந்நேரம் கையை இறக்கியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றுகிறது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருக்கிறது.

“ஜூன் வரைக்கும் நான் இப்படியே நிக்கவா? வேற கம்பு ஒண்ணைத் தூக்கிட்டு வாய்யா!”