நான்காவது நிமிடம்

மீத்தேனை மெத்தனாலாக மாற்றும் வினையூக்கியோடு நான்கு வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பூரணிக்கு அன்றைக்குத்தான் திரையில் ஓடும் கோட்டின் நான்காவது நிமிடத்தில் ஒரு மேடு எழுந்தது. மெத்தனால் வந்தால் அங்கேதான் எழும். உடனே ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். எதிர் ஆய்வகத்தில் உயிரணுக்களை ஆராயும் அவள் கணவன் எபினேசர் ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்தான். வராந்தாவில் ஒன்றைத் தின்றுவிட்டு உள்ளே வந்தவள், மீத்தேன் சிலிண்டரை மூடிவிட்டு எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். மீத்தேனே இல்லை. அப்போதும் அதே மேடு, அதே உயரம். மாதிரி பிடித்த குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. பின்னாலேயே வந்து நின்ற எபினேசரிடம் கேட்டாள்.

“இதெல்லாம் யாரு கழுவினது?”

“நான்தான். இடுப்பு வலின்னு சொன்னியே.”

“எதுல கழுவின?”

“எங்க லேப்ல எப்பவும் கழுவுறதுதான். மெத்தனால். சீக்கிரம் காஞ்சிரும்.”

“நாலு வருஷமா நான் தேடினத நீ ஒரே நாள்ல ஊத்திக் குடுத்துட்டடா” என்று சிரிக்கத் தொடங்கியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்தாள்.

மறுநாள் அவன் வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்த குப்பிகளை இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் மீத்தேனைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மூன்று நிமிடம்வரை கோடு தட்டையாகவே போனது. நான்காவதில் கடுகளவு எழும்பியது. அவள் மெல்லத் திரும்பினாள். அவன் இடுக்கியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

“சத்தியமா நான் இல்ல.”