பத்தொன்பது வயதில் வரைந்த பாதங்கள்

பாதங்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

அவள் இன்னும் கிட்டே போனாள். கறுத்த ஓவியம். மேலிருந்து சாய்வாக விழும் ஒளி. கட்டிலில் இறந்து கிடக்கும் சிறுமி. அவள் கையைப் பிடித்திருக்கும் இயேசு.

கோயிலில் பலமுறை கேட்ட கதை. எழுந்திரு என்பார். சிறுமி எழுந்துவிடுவாள்.

ஓவியத்தில் இன்னும் எழவில்லை. முந்நூறு வருடங்களாக எழவில்லை.

பக்கத்தில் இருந்த பலகையை ஃபோனில் படம் பிடித்தாள். ஃபோன் தமிழில் படித்துக் காட்டியது. வரைந்தபோது ஓவியனுக்கு வயது பத்தொன்பது.

மெரில்டாவின் வயது.

மெரில்டா இதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில் கிடந்தாள். மகள் படிக்க வந்த வெளிநாட்டு ஊரின் மருத்துவமனை. கீழ்த்தளத்தில் இந்தப் பழைய சிற்றாலயம். காலையில் மருத்துவர் பேசியதையும் இதே ஃபோன்தான் தமிழில் சொன்னது. மரியாதையாகச் சொன்னது. உங்கள் மகள் இறந்துவிட்டார். இயந்திரம்தான் மூச்சு விடுகிறது. கையெழுத்திட்டால் நிறுத்திவிடலாம்.

கணவர் மருத்துவரோடு உள்ளே போனார். அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

மறுபடி பாதங்களைப் பார்த்தாள். சிறுமியின் பாதங்கள் இல்லை அவை. ஆம்பளைப் பிள்ளையின் பாதங்கள். வேறு ஆள் கிடைக்காமல் தன் காலையே பார்த்து வரைந்திருப்பான்.

பெருவிரல்கள் விலகி இருந்தன.

யாரும் கட்டவில்லை.

தூத்துக்குடியில் மூச்சு நின்றதும் முதல் வேலை அதுதான். சேலை ஓரத்தைக் கிழித்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவளுடைய அம்மாவுக்கு அவள்தான் கட்டினாள். மாமியாருக்கும்.

கட்டவில்லை என்றால் இன்னும் இருக்கிறாள் என்றுதானே.

நேற்று போர்வையை விலக்கிப் பார்த்திருந்தாள். மெரில்டாவின் விரல்களும் விலகித்தான் இருந்தன. நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. பாதம் சூடாக இருந்தது.

பின்னால் கதவு திறந்தது. கணவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"கையெழுத்து போட்டுட்டேன் பிள்ள. நாலு மணிக்கு நிப்பாட்டிருவாங்களாம்."

அவள் திரும்பவில்லை.

இயேசு அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சேலை முந்தியின் ஓரத்தைப் பல்லில் கடித்தாள்.

கிழியும் சத்தம் சிற்றாலயம் முழுக்கக் கேட்டது.

நீளத்தை அவள் பார்க்கவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.