மே மாத லீவு

எல்லையில் இருக்கும் ஹவில்தார் தவசி லீவில் வரட்டும் என்று விவாகரத்து வழக்கை நீதிபதி தள்ளிவைத்துக்கொண்டே இருந்தார். தவசிக்கு மே மாதம்தான் லீவு கிடைத்தது. குடும்பநல நீதிமன்றத்தின் கதவில் கோடை விடுமுறை அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"மே மாசம் கோர்ட் இருக்காதுன்னு வக்கீல் சொன்னாருல்ல?" என்றாள் அவன் மனைவி பரிமளா.

"மேல லீவு குடுக்கறப்பதான வர முடியும்."

இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

லீவு முடிகிற அன்று, வழக்கம்போல அவனுடைய டிரங்குப் பெட்டியை அவளே அடுக்கினாள். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, துவைத்து மடித்த ஸ்வெட்டர். மூடி படியவில்லை. அவன் மேலே உட்கார்ந்து அழுத்தினான். அவள் குனிந்து பூட்டினாள்.

"பூட்டியாச்சு, எந்திரிங்க. அடுத்த தடவ லீவ ஜூன்ல கேளுங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.