முன்தேதி

“உனக்கு இந்த உத்தியோகம் யாரால வந்துச்சுன்னு மறந்துட்டியா?”

உடையப்பன் மேசையில் அறைந்த அறையில், பெஞ்சில் காத்திருந்த சைதுன் பீவியின் கூடைக்குள் இருந்த பூனை மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. கோட்டையூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அப்போது வேறு யாரும் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வீரலட்சுமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. “மறக்கல. அதுக்காக இல்லாத தேதியை எழுத முடியாது” என்றாள்.

விஷயம் இதுதான். உடையப்பனின் மகன் சோமு குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறான். வீட்டு நாய் ரோசியும் விமானம் ஏற வேண்டுமானால் டாக்டர் உடல்நலச் சான்று தர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சில வாரம் கழித்து ரத்தம் சோதித்த பிறகுதான் அதைத் தரலாம். ரோசிக்கு நேற்றுத்தான் ஊசியே போட்டிருந்தார்கள்.

“ஊசி போட்ட தேதியை முன்னாடி தள்ளி எழுது. ரத்தச் சோதனைக் காகிதத்துக்கு நான் ஆள் பாத்துக்கிறேன்.”

“சோமுகிட்ட அப்பவே சொன்னேன், ஊசியைப் போட்டுருன்னு. அவன் காதுல வாங்கல.”

பெரிய வீட்டுப் பிள்ளையை ‘அவன்’ என்கிறாளே, துணிச்சல்காரிதான் என்று சைதுன் பீவி மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். ஆனால் படித்த டாக்டரை ஒருத்தர் நீ, வா, போ என்று பேசுவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என் பேத்தி ரோசி இல்லாம ஒரு வாய் சோறு திங்காது. அந்தப் பச்சப்பிள்ளை மொகத்தை நெனச்சுப் பாத்தியா?”

“நெனச்சுத்தான் சொல்றேன். பொய்க் காகிதத்தோட எறங்கி, அங்க நாயைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னா அந்தப் பிள்ளைதான அழுகும்? முறையா எல்லாம் முடியட்டும். பெறகு யார் கூடயாவது அனுப்பலாம்.”

“எனக்கே புத்தி சொல்றியா நீ?”

சைதுன் பீவிக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். காரைக்குடியில் அவள் மகன் ஜியாவுதீன் செல்போன் கடை வைத்திருப்பது இந்த உடையப்பனின் கட்டடத்தில்தான். நாம் வந்த வேலையைப் பார்ப்போம் என்று கூடையை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஷார்ஜாவில் இருக்கும் மகள் நாதியாவிடம் போய் இருக்கப் போகிறாள். பூனைக்குச் சான்று கிடைத்தால் பயணம்.

“கடைசியாக் கேக்குறேன். எழுதுவியா, மாட்டியா?”

“மாட்டேன்.”

“அப்ப இனிமே வலையபட்டிப் பக்கம் வந்துறாத. எங்க வீட்டு வாசலை நீ மிதிக்கக் கூடாது. மாடு கண்ணு சாகக் கெடந்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன்.”

வீரலட்சுமியின் உதடு ஒரு தரம் துடித்தது. ஆனால் தலை குனியவில்லை. “சரி. உங்க இஷ்டம்” என்றாள்.

அவ்வளவுதான். சைதுன் பீவி கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“நிறுத்துங்கய்யா. அந்தப் பிள்ளை தப்பா என்னத்தைச் சொல்லிருச்சு? நேர்மையா வேலை பாக்குறவுகளை இப்படித்தான் மெரட்டுவீகளா?”

உடையப்பன் திரும்பினார். “நீங்க யாரு நடுவுல?”

“ஜியாவுதீனோட அம்மா. உங்க கட்டடத்துலதான் கடை வச்சிருக்கான். வேணும்னா அவனைக் காலி பண்ணச் சொல்லுங்க, வேற எடம் பாத்துக்கிருவோம். ஆனா பொய்யா எழுதச் சொல்லி நீங்க மெரட்டுனதை எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.”

உடையப்பன் அவளைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

வீரலட்சுமி கூடையைத் திறந்து பூனையைத் தூக்கினாள். கண், காது, பல் எல்லாம் பார்த்தாள். சூடு பார்த்தாள். கழுத்துத் தோலுக்கடியில் இருந்த சிப்பின் எண்ணைக் கருவியை வைத்துப் படித்து, ஊசிச் சீட்டோடும் ரத்தச் சோதனை முடிவோடும் ஒத்துப் பார்த்தாள்.

“எல்லாம் சரியா வச்சிருக்கீக” என்று கையெழுத்துப் போட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சைதுன் பீவிக்கு மனசு தாங்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய் அவள் தோளைத் தொட்டாள்.

“அழுகாதம்மா. நீ செஞ்சதுதான் சரி. பணத்திமிரு பிடிச்ச மனுசன். தான் பெத்த பிள்ளையா இருந்தா இப்படிப் பேசியிருப்பாரா?”

வீரலட்சுமி சான்றில் முத்திரையைக் குத்தி, அவளிடம் நீட்டினாள்.

“பெத்த பிள்ளைகிட்டதாம்மா பேசிட்டுப் போறாக.”