எட்டரை மணிப் பந்தி

"முதல் பந்தியில ஒரே ஒரு இடந்தான் இருக்குதா? அப்ப என் பேரை எழுதிக்க அம்மிணி. அவ பொறவு சாப்புட்டுக்குவா."

கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குப் புறப்படவிருந்த கப்பலின் உணவுக்கூட வாசலில், கொழிஞ்சாம்பாறைச் சென்னியப்பன் ஒரு நொடியும் யோசிக்காமல் இப்படிச் சொன்னார். நாற்பது ஏக்கர் தென்னந்தோப்புக்கு உரிமையாளர். அருகில் அவர் மனைவி சரஸ்வதியம்மாள் தலைகுனிந்து நின்றார்.

கப்பலில் இரவு உணவு ஆறேகாலுக்கு ஒரு முறை, எட்டரைக்கு ஒரு முறை. எந்த நேரம் வேண்டுமென்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான்கு இரவும் அதே நேரம், அதே மேசை.

பட்டியலை வைத்திருந்த பின்சி சித்திரபுரத்துப் பெண். "எட்டரைக்குன்னா ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு சார். சேர்ந்தே உக்காரலாம்" என்றாள்.

"ரெண்டாம் பந்தியிலயா? எங்கூர்ல எந்தக் கல்யாணத்துலயும் நான் ரெண்டாம் பந்தியில கை நனைச்சதில்ல. அது பந்தல்காரனும் மேளக்காரனும் உக்கோர்ற பந்தி."

"அம்மா தனியா..."

"எனக்குப் போட்டுட்டுப் பொறவு சாப்புட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். ஏம் புள்ள?"

"ஆமாங்க" என்றார் சரஸ்வதியம்மாள்.

சற்றுமுன் ஆறேகாலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருந்த கல்பாத்திப் பர்வதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டேளா?" என்று கணவர் சாம்பசிவனின் காதில் முணுமுணுத்தார். "கட்டினவளைத் தனியா விட்டுட்டு இவருக்கு முதல் பந்தியாம்! தோப்பும் துரவும் இருந்து என்ன? ஒரு சம்ஸ்காரம் வேண்டாமோ?"

"நமக்கென்ன அதுல?" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான சாம்பசிவன். "என் கண்ணாடிக்கூட்டை எங்கே வெச்சே?"

அன்று மாலை சென்னியப்பன் அவர்களுக்கு நேர் எதிரே வந்து அமர்ந்தார். "தம்பி, சோறு போடு. கொழம்பு எங்க? அப்பளம் நமுத்துக் கெடக்குது, மாத்து" என்று பரிமாறுகிறவரை நிற்கவிடாமல் விரட்டினார்.

பர்வதத்தால் பொறுக்க முடியவில்லை. "உங்காத்து அம்மா பாவம், ஒத்தையா எங்கே இருக்காளோ!"

"நடுக்கடல்ல எங்கீங்க போயிருவா?" என்று சென்னியப்பன் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

பர்வதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பர்வதம், இதுல பூண்டு விழுந்திருக்கான்னு பாரு" என்றார் சாம்பசிவன்.

பர்வதம் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்தார். ஆகாததை ஒதுக்கி, ஆனதைக் கணவரின் தட்டில் வைத்தார். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். தயிர்சாதத்தை அவருக்குப் பிடித்த பதத்தில் குழையப் பிசைந்து முடிப்பதற்குள், பர்வதத்தின் சப்பாத்தி அட்டையாய் விறைத்துவிட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவர் கவனமெல்லாம் வேறொன்றில் இருந்தது. அந்த மேசையில் இரண்டு நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன! அவற்றுள் ஒன்றில் சென்னியப்பன் தம் துண்டைப் போட்டிருந்தார்.

மறுநாள் காலை, மேல்தளத்தில் கடலைப் பார்த்து நின்ற சரஸ்வதியம்மாளிடம் பர்வதம் விரைந்து சென்றார்.

"ஒரு அக்கிரமம் கேளுங்கோ. எங்க மேசையில ரெண்டு இடம் காலி! அந்தப் பெண்ணு நெஞ்சறிஞ்சு பொய் சொல்லியிருக்கா. இப்பவே மேனேஜர்கிட்டே பறயறேன். அவ வேலை போனாப் போகட்டும். இன்னிக்கே நீங்க உங்காத்துக்காரர் பக்கத்துல உக்காரலாம்."

சரஸ்வதியம்மாள் பதறிப்போய்ப் பர்வதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க மாமி! அந்தப் புள்ள மேல தப்பே இல்லீங்க. நாந்தானுங்க அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஆமாங்க. அவரு பெட்டிகளை எண்ணிட்டு நின்னப்ப ஓடிப்போயிச் சொன்னனுங்க. ரெண்டாம் பந்தின்னா அவரு தலை போனாலும் உக்கோர மாட்டாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? 'எங்கம்மாவும் உங்களாட்டத்தான்'னு அந்தப் புள்ள சிரிச்சுட்டு ஒத்துக்கிச்சுங்க."

"எதுக்காக இப்படி?"

"முப்பத்தொம்பது வருசமுங்க. கொழம்பு ஊத்து, மோரு கொண்டா, கறிவேப்பிலைய எடுத்துப்போடு... எந்திரிக்காம ஒரு வேளை நான் சாப்புட்டதில்லீங்க. அவரு சாப்புட்ட பொறவு பாத்தா, எல்லாம் ஆறிக் கெடக்கும். நேத்து எட்டரைக்குப் போய் உக்கோந்தேன். சோறு சுடச்சுட வந்துதுங்க மாமி. கடைசி வரைக்கும் உக்கோந்தே சாப்புட்டேன். பாயசம் ரெண்டு கிண்ணம்!" அவர் குரல் தாழ்ந்தது. "இன்னும் மூணு ராத்திரிதானுங்க. கெடுத்துப்போடாதீங்க."

பர்வதம் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே நாற்காலியில் சாய்ந்திருந்த சாம்பசிவன் குரல் கொடுத்தார். "பர்வதம், இந்தக் காப்பியை ஆத்தித் தந்துட்டுப் போ!"

ஆற்றிக் கொடுத்தார். பிறகு நேரே பின்சியிடம் போய் நின்றார்.

பின்சி எழுந்தாள். பர்வதத்தின் முகத்தைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. "அம்மா, ஏதாவது புகாரா?"

பர்வதம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தார்.

"எட்டரைக்கு என் பேரை மாத்தி எழுதிக்கோ குட்டி. ஒரே ஒரு இடம் போதும். எங்காத்துக்காரர் வந்து கேட்டா, அங்கே வேற இடமே இல்லேன்னு சொல்லிடு!"